தண்ணீர் முடிவை முதலில் யாரிடம் சொல்வது

சென்ற மாதம் கிளிநொச்சி அலுவலகத்தில், புதிதாகச் சேர்ந்த உங்களோடு அரை நாள் கதைக்கச் சொல்லி என்னை அழைத்திருந்தார்கள். கூட்டம் நடத்துவது, குறிப்பெடுப்பது, கிராமத்தில் முதலில் யாரைச் சந்திப்பது என்றெல்லாம் சொன்னேன். முடிக்கும் நேரத்தில் பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழுந்து கேட்டா.

"மிஸ், போற இடமெல்லாம் சனம் ஒரு கேள்விதான் கேக்குது. உலக நாடுகள் எல்லாம் சேர்ந்து நடத்திற அமைப்பு எண்டு சொல்லுறியள், உங்களை இனியும் நம்பலாமோ எண்டு. நாங்கள் என்ன பதில் சொல்லுறது?"

அப்போது தேநீர் வந்துவிட்டது. நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அது பதில் இல்லை என்பது அந்தப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கும். வீட்டுக்கு வந்தபிறகு மனம் ஒப்பவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு சம்பவத்தை எழுதுகிறேன். அதில் நான் செய்த பிழையும் இருக்கிறது.

அதற்கு முன் என்னைப்பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். போர் முடிவதற்கு முந்தைய ஆண்டு நான் இந்த அமைப்பில் வேலை செய்யவில்லை. பாலர் பாடசாலை ஆசிரியையாக இருந்தேன். அமைப்பின் வெள்ளை வாகனங்கள் கிளிநொச்சியை விட்டுப் புறப்படப் போகின்றன என்று கேள்விப்பட்டு வாசலில் போய் நின்ற சனத்தில் நானும் ஒருத்தி. போகாதேங்கோ என்று எல்லாரும் கேட்டோம். பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லை, போகத்தான் வேண்டும் என்றார்கள். போனார்கள். பிறகு நடந்ததை வன்னியில் யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை.

போர் முடிந்து அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தபோது எனக்கு வேலை தேவைப்பட்டது. ஆங்கிலம் தெரிந்திருந்தது. அதே அமைப்பு ஆள் எடுத்தது. விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது தங்கச்சி எட்டிப் பார்த்து, "அவையளிட்டையோ?" என்று மட்டும் கேட்டாள். நான் தொடர்ந்து நிரப்பினேன். கள உத்தியோகத்தராகச் சேர்ந்து, ஓய்வுபெறும்வரை அங்கேயே இருந்தேன்.

சேர்ந்த முதல் வருடத்தில் கண்டாவளையில் ஒரு பிழை விட்டேன். வீட்டுத்திட்டப் பட்டியலின் முதல் வரைவு என் கையில் இருந்தது. ஒரு குடும்பக்காரர் வழியில் மறித்துத் தன் பெயர் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. "ஓம் ஐயா, இருக்குது" என்றேன். அந்த மனிதர் அடுத்த கிழமையே தகரக் கொட்டிலைப் பிரித்து, அத்திவாரம் போடுவதற்காக நிலத்தைத் துப்புரவாக்கிவிட்டார். இறுதிப் பட்டியலில் அவருடைய பெயர் இல்லை. மாரி தொடங்கியபோது அந்தக் குடும்பம் கோயில் மடத்தில் இருந்தது. என்னைக் கண்டபோது அவர் முகத்தைத் திருப்பவில்லை, ஏசவும் இல்லை. "பிள்ளை, நீங்கள் தானே சொன்னனீங்கள்" என்று ஒருமுறை சொன்னார், அவ்வளவுதான்.

அதிலிருந்து நான் ஒரு பாடம் படித்தேன். மேலிடம் உறுதிப்படுத்தும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்பது அந்தப் பாடம். பல வருடங்கள் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நல்ல உத்தியோகத்தர் என்று பெயரும் எடுத்தேன். பிழையிலிருந்து படிக்கும் பாடமும் பிழையாக இருக்கலாம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

இனிச் சம்பவத்துக்கு வருகிறேன்.

அக்கராயனுக்கு அப்பால் ஒரு சிறு குடியேற்றம். ஐம்பதுக்குக் கொஞ்சம் கூடக் குறையக் குடும்பங்கள். அநேகமானவர்களின் பெற்றோர் மலையகத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். பிள்ளைகள் வன்னியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். எங்கள் அமைப்பு அங்கே ஒரு குழாய்க்கிணறு அடித்துக் கொடுத்திருந்தது. பக்கத்தில் எங்கள் சின்னம் பொறித்த நீலப் பலகை. திறப்பு விழாவுக்கு மாலையோடு நானும் போயிருந்தேன். சுற்றிவர வயல். இரண்டு போகமும் உரம் போடுகிற வயல்.

சில வருடங்கள் கழித்து மாவட்டத்துக் கிணறுகளின் தண்ணீரைச் சோதிக்கும் வேலை எங்களிடம் வந்தது. மாதிரி எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவோம். முடிவு மின்னஞ்சலில் வரும். ஒரு நாள் வந்த முடிவில், நாங்களே அடித்த அந்தக் கிணற்றின் பக்கத்தில் சிவப்புக் கோடு போட்டிருந்தது. உரத்திலிருந்து நிலத்துக்குள் இறங்கும் நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சி இருந்தது. பெரியவர்களுக்கு உடனடியாகப் பெரிதாக ஒன்றும் செய்யாது. கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால் கரைத்துக் கொடுத்தால் இரத்தம் பிராணவாயுவை எடுத்துச் செல்ல முடியாமல் போகும். குழந்தை நீலம் பாரிக்கும். இது எங்களுக்கு நடந்த பயிற்சியிலேயே சொல்லித் தரப்பட்டது.

கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து அறிவுறுத்தலும் சேர்ந்தே வந்தது. இரண்டாவது மாதிரி எடுக்கவும். அது உறுதிப்படும்வரை பயனாளிகளுக்குத் தெரிவிக்க வேண்டாம். வீண் பீதி ஏற்படக் கூடாது.

அதை எழுதியவர் கெட்ட மனிதர் அல்ல. ஆய்வுகூடம் பிழைவிட்டு, நல்ல கிணற்றை மூட வைத்து, சனம் குளத்துத் தண்ணீர் குடித்து நோய் வந்த கதை வேறொரு மாவட்டத்தில் நடந்திருக்கிறது. அந்த விதிக்கும் ஒரு காரணம் இருந்தது. உங்களுக்கு வரும் விதிகளில் அநேகமானவற்றுக்கும் இப்படி ஒரு காரணம் இருக்கும். அதனால்தான் அவற்றை மீறுவது கஷ்டம்.

செவ்வாய்க்கிழமை காலை இரண்டாவது மாதிரி எடுக்கப் போனேன். எங்கள் அலுவலகத்தின் மூத்த சாரதி வாகனத்தை ஓட்டி வந்தார். நான் போத்தல்களில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது கலா என்றொரு பெண் குடத்தோடு வந்தாள். இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதிருக்கும். தோளில் ஏழு கிழமைப் பெண் குழந்தை, இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

"திருப்பியும் எடுக்கிறியள். தண்ணி சரியில்லையோ மிஸ்?"

"சோதிச்சுக்கொண்டிருக்கிறம்" என்றேன்.

"பிள்ளைக்கு இதிலைதான் பால்மா கரைக்கிறன். எனக்குக் காய்ச்சல் வந்து பால் நிண்டு போச்சு. ஆனா ஒரு சொட்டும் பச்சைத் தண்ணி குடுக்கிறேல்லை. நல்லாக் கொதிக்க வச்சுத்தான் குடுக்கிறன்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சரி என்று நான் தலையாட்டுவேன் என்று எதிர்பார்த்திருப்பாள்.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று என்ற இந்த உப்பு போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். அவள் கவனமாகச் செய்யச் செய்ய அது கூடிக்கொண்டுதான் போகும். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு, "முடிவு வந்தால் அறிவிப்பினம்" என்று சொல்லிவிட்டு வாகனத்தில் ஏறினேன். அறிவிப்பம் என்றுகூடச் சொல்லவில்லை. வேறு யாரோ செய்கிற காரியம் போலச் சொன்னேன்.

கொஞ்சத் தூரம் வந்தபிறகு சாரதி கேட்டார். "மிஸ், அந்தப் பிள்ளை உங்களிட்டை ஏதோ கேட்டதெல்லே?"

"ஓம்."

"நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை."

"சொல்ல ஏலாது அண்ணை. இன்னும் உறுதியில்லை."

அவர் வாகனத்தின் வேகத்தைக் குறைத்தார். நிறுத்தவில்லை. "அண்டைக்குக் கிளிநொச்சியிலையிருந்து வாகனங்கள் வெளிக்கிடேக்கை நானும் ஒண்டை ஓட்டிக்கொண்டு போனனான். வாசல்லை ஒரு மனுசி கண்ணாடியிலை தட்டித் தட்டி என்னவோ கேட்டது. கண்ணாடியை இறக்க வேண்டாம் எண்டு எங்களுக்குச் சொல்லியிருந்தது. நான் இறக்கேல்லை. அது என்ன கேட்டதெண்டு இண்டைவரை எனக்குத் தெரியாது." பிறகு, "திருப்பட்டோ?" என்று கேட்டார்.

"வேண்டாம். ஒஃபிசுக்குப் போவம்" என்றேன்.

என் பணிக்காலத்தில் என்னைச் சரியான இடத்தில் நிறுத்திக் கேட்டவர் அந்தச் சாரதி ஒருவர்தான். நான்தான் அவர் சொல் கேட்கவில்லை.

அலுவலகத்தில் எங்கள் பொறுப்பதிகாரியிடம் விடயத்தைச் சொன்னேன். வெளிநாட்டவர், மாவட்டத்துக்கு வந்து ஆறேழு மாதம். அமைதியானவர். கிராமத்தில் ஒரு கைக்குழந்தை இருக்கிறது என்று சொன்னேன். கொழும்புக்கு எழுதி அவசரமாகக் கேட்பதாகச் சொன்னார், எழுதியும் விட்டார். பதில் வரவில்லை. புதனும் வியாழனும் நான் முல்லைத்தீவில் வேறு வேலையில் இருந்தேன். அந்த இரண்டு நாளும் அந்தப் பெண்ணின் நினைப்பு வராமல் இருந்தது என்று சொல்லமாட்டேன். வந்தது. எழுதியாயிற்று, பதில் வரும் என்று சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை முற்பகல் அலுவலகத் தொலைபேசி அடித்தது. பொறுப்பதிகாரி வவுனியாவுக்குக் கூட்டத்துக்குப் போயிருந்தார். நான் எடுத்தேன். ஆஸ்பத்திரியின் சிறுவர் வார்ட்டிலிருந்து ஒரு பெண் வைத்தியர்.

"அக்கராயன் பக்கத்திலையிருந்து ஏழு கிழமைப் பிள்ளை ஒண்டு வந்திருக்கு. சொண்டும் விரலும் நீலமாக் கிடக்கு. இதயத்திலை பிரச்சினை இல்லை. தண்ணியோ எண்டு சந்தேகம். நீங்கள் அங்கை சோதிச்சனீங்கள் எண்டு தாய் சொல்லுறா. முடிவு இருக்கோ?"

இருக்கிறது. என் முன்னால், கணினித் திரையில் இருக்கிறது. வெளியிட வேண்டாம் என்ற வரியும் அதற்குக் கீழேயே இருக்கிறது.

இப்படியான நேரத்தில் மனிதர் நிறைய யோசிப்பார்கள் என்று கதைகளில் எழுதுவார்கள். நான் யோசித்தது ஒன்றுதான். செவ்வாய்க்கிழமை சொல்லியிருந்தால் இந்தத் தொலைபேசி அடித்திருக்காது.

"இருக்குது டொக்டர். நைத்திரேற்று கூடவா இருக்கு" என்று சொல்லி அளவையும் வாசித்தேன்.

"எப்ப தெரியும்?"

"திங்கட்கிழமை."

"சரி, காணும், இது போதும்" என்று வைத்துவிட்டார்.

பொறுப்பதிகாரிக்கு அழைத்து, முடிவைச் சொல்லிவிட்டேன் என்றேன். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் சொல்லி, பவுசர் வண்டியில் தண்ணீர் அனுப்ப ஒழுங்கு செய்தேன். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை.

மருந்து ஏற்றியிருந்தார்கள். குழந்தையின் உதட்டில் நிறம் திரும்பத் தொடங்கியிருந்தது. இப்படியான குழந்தைக்கு என்ன மருந்து, எவ்வளவு என்பதைச் சொல்லும் கைநூல் ஒன்று தாதியின் மேசையில் திறந்தபடி கிடந்தது. அதன் அட்டையிலும் எங்கள் அமைப்பின் குடும்பத்தைச் சேர்ந்த இன்னோர் அமைப்பின் சின்னம் இருந்தது. தண்ணீரில் இவ்வளவுக்கு மேல் இருந்தால் ஆபத்து என்று அளவு வகுத்தவர்களும் அவர்கள்தான். அதைப் பார்த்தபோது எனக்கு ஆறுதல் வரவில்லை. ஆனால் அது அங்கே இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கலா கட்டிலின் ஓரத்தில் இருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பவில்லை.

"மிஸ், செவ்வாய்க்கிழமை நீங்கள் வந்தனீங்கள்."

"ஓம்."

"அண்டைக்கு உங்களுக்குத் தெரியுமோ?"

என்னிடம் சொல்வதற்கு நிறைய இருந்தது. இரண்டாவது மாதிரி, உறுதிப்படுத்தல், கொழும்பு, கண்டாவளையில் ஒரு மனிதர் கொட்டிலைப் பிரித்தது. எல்லாம் உண்மை.

"தெரியும்" என்றேன்.

அவள் என்னை ஏசுவாள் என்று நினைத்தேன். அவள் குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். "நான் கொதிக்க வச்சுக் குடுக்கிறன் எண்டு உங்களுக்குச் சொன்னனான்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "போங்கோ மிஸ்" என்றாள். குரல் உயரவில்லை. நான் வந்துவிட்டேன்.

குழந்தை தப்பிவிட்டது. ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போனது. இரண்டாவது மாதிரியின் முடிவும் முதலாவதைப் போலவே வந்தது. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், உங்களைப் பதற்றத்தில் வைத்திருக்க எனக்கு விருப்பமில்லை.

அடுத்த கிழமை கிராமத்தில் கூட்டம். முன்பள்ளிக் கட்டடத்துக்குள் அடங்காமல் சனம் வெளியிலும் நின்றது. பொறுப்பதிகாரி தானே வர வேண்டும் என்று வந்தார். நான் மொழிபெயர்த்தேன். ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். நடைமுறைகளுக்கு அமைவாக, உறுதிப்படுத்தப்பட்ட தகவல் கிடைக்கும்வரை என்று அது தொடங்கியது. முதல் வசனத்தை அவர் வாசித்து முடித்ததும் நான் மொழிபெயர்க்கவில்லை. குனிந்து அவரிடம் ஆங்கிலத்தில், "இதைச் சொன்னால் எழும்பிப் போய்விடுவார்கள். தெரிந்திருந்ததா இல்லையா என்பதுதான் அவர்களின் கேள்வி" என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் இப்படிச் செய்யக் கூடாது. சொன்னதை மாற்றக் கூடாது, சொல்பவருக்குப் புத்தி சொல்லவும் கூடாது. நான் அவருடைய வசனத்தை மாற்றவில்லை. மாற்ற வேண்டியவர் அவர் என்று மட்டும் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு மூன்று வசனம் சொன்னார்.

நான் தமிழில் சொன்னேன். "எங்களுக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்லேல்லை. அது பிழை."

மாதர் சங்கத் தலைவி எழும்பினா. பாக்கியமக்கா என்று கூப்பிடுவார்கள். அறுபது வயதை நெருங்கியவ. இரண்டு மகன்மாரைப் போரில் இழந்தவ.

"எத்தினையோ பேர் வந்து கதைச்சிருக்கினம். வெள்ளை வாகனத்திலை வந்தவையள்லை 'தெரியும்' எண்டு சொன்னது நீங்கள்தான் முதல் ஆள்" என்றா. பொறுப்பதிகாரியின் முகம் கொஞ்சம் இளகியது. அதைப் பார்த்துவிட்டு அவ தொடர்ந்தா. "அதுக்காக நம்பிப்போட்டம் எண்டு நினைக்காதேங்கோ. உந்த நம்பிக்கைக் கதை எங்களுக்கு வேண்டாம். கிணத்திலை எழுதி ஒட்டுங்கோ. எண்டைக்கு எடுத்தது, என்ன முடிவு, குடிக்கலாமோ கூடாதோ. தமிழிலை. முடிவு வந்த அண்டைக்கே. சந்தேகம் எண்டால் சந்தேகம் எண்டு எழுதுங்கோ. நாங்கள் என்ன பச்சைப் பிள்ளையளோ, பயப்பிடுறதுக்கு?"

சந்தேகம் என்றால் சந்தேகம் என்று எழுதுங்கோ. கண்டாவளையில் நான் விட்ட பிழை என்ன என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அந்த மனிதரிடம் வரைவை வரைவு என்று சொல்லியிருக்க வேண்டும். மாறக்கூடும், கொட்டிலைப் பிரிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். உறுதியில்லாத ஒன்றை உறுதி போலச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு எதையுமே சொல்லாமல் இருப்பதுதான் கவனம் என்று நினைத்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை கலாவிடம் ஒரு வசனம் போதுமாக இருந்தது. முடிவு தெரியும்வரை பிள்ளைக்கு மட்டும் வேற தண்ணியிலை கரையுங்கோ. அதில் பொய் இல்லை, பீதி இல்லை.

பொறுப்பதிகாரி அங்கேயே ஒப்புக்கொண்டார். கொழும்பு ஒப்புக்கொள்ள நான்கு மாதம் எடுத்தது. இடையில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. அனுமதியின்றித் தகவல் வெளியிட்டதற்கு எச்சரிக்கை என்று அதில் இருந்தது. வைத்தியருக்குச் சொன்னதற்குத்தான் அது. செவ்வாய்க்கிழமை சொல்லாமல் வந்ததற்கு எனக்கு ஒருவரும் கடிதம் அனுப்பவில்லை. என் கோப்பில் அந்தக் கடிதம் இப்போதும் இருக்கும். தேடிப் பார்க்க விரும்பினால் பாருங்கள்.

புதுக் கிணறு வேறு இடத்தில் அடித்தோம். அந்தக் குடியேற்றத்துக்குப் பிறகும் பலமுறை போனேன். கலா என்னோடு கதைக்கவில்லை. கதைக்க வேண்டும் என்று நானும் முயலவில்லை. மன்னிப்புக் கேட்டால் எனக்குச் சுகமாக இருக்கும், அவளுக்கு என்ன கிடைக்கும் என்று நினைத்தேன். அது சரியோ பிழையோ, இன்றும் எனக்குத் தெரியாது.

ஒன்றரை வருடம் கழிந்திருக்கும். ஒரு நாள் காலை அலுவலக வாசலில் காவலாளி யாரோ வந்திருப்பதாகச் சொன்னார். போய்ப் பார்த்தேன். கலா. புதுக்குடியிருப்பில் இருக்கும் அக்கா வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். கையில் கழுவித் துடைத்த சோடாப் போத்தல் ஒன்றில் தண்ணீர்.

"அக்காவின்ரை வீட்டுக் கிணத்துத் தண்ணி. அவளுக்கு அடுத்த மாதம் பிள்ளை பிறக்கப் போகுது. இதைச் சோதிச்சுத் தருவியளோ?"

மாதிரி எடுப்பதற்கென்று போத்தல் இருக்கிறது, முறை இருக்கிறது. இந்தப் போத்தலில் வந்த தண்ணீரை ஆய்வுகூடம் ஏற்காது. அதைச் சொன்னேன். அடுத்த நாளே நான் புதுக்குடியிருப்புக்குப் போய் முறைப்படி எடுக்கிறேன் என்றும் சொன்னேன்.

"சரி. ஆனா ஒரு விசயம்" என்றாள். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. "முடிவு வந்த உடனை எனக்குச் சொல்லோணும். உங்கடை பெரியாக்களுக்குச் சொல்ல முதல். உறுதியோ இல்லையோ, வந்ததை வந்தபடி சொல்லோணும்."

"ஓம்" என்றேன்.

"அண்டைக்கு ஆஸ்பத்திரியிலை தெரியும் எண்டு சொன்னனீங்கள். அது உண்மையா இருந்தது. அதாலைதான் வந்தனான்."

தன்னுடைய தொலைபேசி எண்ணை என் குறிப்புப் புத்தகத்தில் தானே எழுதினாள். என்னை எழுதவிடவில்லை. எழுதியபின் ஒருமுறை வாசித்துச் சரிபார்த்தாள்.

மறுநாள் போய் மாதிரி எடுத்தேன். எட்டு நாளில் முடிவு வந்தது. மின்னஞ்சலைத் திறந்து, அட்டவணையை மேலிருந்து கீழாக இருமுறை பார்த்தேன். கொழும்புக்கு அனுப்ப வேண்டிய பதிலைப் பிறகு எழுதலாம் என்று விட்டுவிட்டு அவளுடைய எண்ணை அழுத்தினேன்.

"கலா, முடிவு வந்திட்டுது. இது முதல் மாதிரிதான், இன்னும் உறுதிப்படுத்தேல்லை. நைத்திரேற்று அளவு கிட்டத்தட்ட எல்லையிலை நிக்குது. பெரியாக்கள் குடிக்கலாம். பிள்ளைக்குக் குடுக்க வேண்டாம்."

"எல்லையிலை எண்டால், கூடவோ குறைவோ?"

"கொஞ்சம் குறைவு. ஆனா வயலுக்கு உரம் போடுற காலத்திலை கூடலாம். எனக்கு நிச்சயமாத் தெரியாது."

"தெரியாதோ?"

"தெரியாது."

"சரி மிஸ், வைக்கிறன். அக்காவுக்குச் சொல்லோணும்" என்று, நான் அடுத்த சொல் சொல்வதற்குள் தொடர்பைத் துண்டித்துவிட்டாள்.